மார்கழிக் குகையில் வவ்வால் தூங்குதா?



"எலக்ட்ரிகல் படிக்கிற பையனுக்கு வவ்வால் எதுக்குடா?" என்று ஹாஸ்டலில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று கேட்ட சாரிடம், "வவ்வால் பற்றி சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி, எழுது. ஆனா பார்த்தது எது, படிச்சது எதுன்னு பிரிச்சு எழுது" என்றார். அப்படியே பிரித்து எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் வவ்வால்கள் குகைக்குள் போய்த் தொங்கி, மாதக் கணக்கில் உறங்கும் என்று நம்மில் பலரும் கேள்விப்பட்டிருப்போம். அதைக் குளிர்கால உறக்கம் என்பார்கள். நமது ஊரிலும் அப்படித்தானா? சிறுமலை அடிவாரத்துக் குகையில் மார்கழியில் வவ்வால் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? இதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. அப்பத்தாவின் இளைப்பு நோயில் இருந்து வந்தது.

அப்பத்தாவுக்கு மருந்து

என் அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மாவின் ஊர் சிறுமலை அடிவாரம். மாமா அங்கே ஆடு மேய்க்கிறார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பத்தாவுக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கும். நெஞ்சுக்குள் பூனை கத்துவது போலச் சத்தம் வரும். தெருவில் எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள். "வவ்வால் கறி ஆக்கிக் குடுங்க, இளைப்பு பறந்துரும்!" தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்த நம்பிக்கை இருக்கிறது. உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள்.

அது தை மாதம். மாமா சொன்னார், "மாப்ளே, இப்பப் போனாத்தான் சரி. குளிருக்கு மயங்கிக் கெடக்கும். கையாலயே எடுத்துறலாம்." ஒரு பழைய கொசு வலை, காய்ந்த ஓலை, தீப்பெட்டி எடுத்துக்கொண்டு போனோம். குகை வாயிலில் ஓலையைக் கொளுத்திப் புகை போட்டது நான்தான்.

ஆனால் ஒன்றும் மயங்கிக் கிடக்கவில்லை! புகை உள்ளே போன மறு நிமிஷம், மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல வவ்வால்கள் வெளியே வந்தன. சில வலையில் மாட்டின. சில பாறையில் மோதிக் கீழே விழுந்தன. வீட்டுக்கு வந்து மாமா ஒரு பெரிய வவ்வாலை அறுத்தார். அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி இருந்தது. விரல் நுனி அளவுதான். ஆனாலும் சிறகு இருந்தது தெரிந்தது. மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்பத்தா கறியைச் சாப்பிட்டது. இளைப்பு போகவில்லை. பிறகு அரசு ஆஸ்பத்திரியில் இன்ஹேலர் கொடுத்து, இழுக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அப்பத்தா படுத்துத் தூங்கியது. இப்போதும் இருக்கிறது, வெற்றிலை இடிக்கிறது.

அன்றைக்கு என் மனதில் விழுந்த கேள்விதான் இது. மயங்கிக் கிடக்கும் என்றார்களே, ஏன் மயங்கிக் கிடக்கவில்லை?

குளிர்கால உறக்கம் என்றால் என்ன?

இனி வருவது நான் படித்துத் தெரிந்து கொண்டது.

குளிர்கால உறக்கம் என்பது நாம் ராத்திரி தூங்குகிற தூக்கம் இல்லை. அமெரிக்கா, ஐரோப்பா போன்ற நாடுகளில் குளிர்காலம் வந்தால் பனி பெய்யும், பூச்சியே இருக்காது. பூச்சி தின்னும் வவ்வால் என்ன செய்யும்? இலையுதிர் காலத்திலேயே வயிறு முட்டத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக் கொள்ளும். பிறகு குளிர்ந்த, ஈரமான குகைக்குள் போய்த் தொங்கிவிடும். உடம்பின் சூட்டைக் குகையின் சூட்டுக்குப் பக்கமாக, பத்து டிகிரிக்கும் கீழேகூட இறக்கிவிடும். பறக்கும்போது நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை வரை அடிக்கும் இதயம், உறக்கத்தில் இருபதுக்கும் கீழே போய்விடும். மூச்சும் எப்போதோ ஒரு தடவைதான். பத்து கிராம்கூட இல்லாத ஒரு சிறு வவ்வால், சேர்த்து வைத்த இரண்டு மூன்று கிராம் கொழுப்பை வைத்து ஆறு மாதம் ஓட்டிவிடுகிறது!

ஆனால் ஆறு மாதமும் ஒரே உறக்கம் கிடையாது. சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை விழிக்கும். விழிக்க வேண்டுமானால் உடம்பை மறுபடி முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அதற்குத்தான் கொழுப்பு எக்கச்சக்கமாகச் செலவாகும்.

நம் மெஷின் லேபில் இருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். இண்டக்‌ஷன் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? முழுச்சுமையில் இழுக்கும் கரண்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். ஓடும்போது ஆகிற செலவைவிட, கிளம்புகிற அந்த நேரத்தில் இழுப்பது அதிகம். அதற்காகத்தானே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைக்கிறோம்? வவ்வாலுக்கு அப்படி ஒரு ஸ்டார்ட்டர் இல்லை. ஒவ்வொரு விழிப்பும் ஒரு நேரடி ஸ்டார்ட்! குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து வைத்த கொழுப்பில் பெரும்பகுதி, இந்தச் சில விழிப்புகளுக்கே போய்விடுகிறது. யாராவது குகைக்குள் போய் டார்ச் அடித்து, சத்தம் போட்டு எழுப்பினால்? கணக்கில் இல்லாத ஸ்டார்ட். அப்படி அடிக்கடி நடந்தால், வசந்தம் வருவதற்குள் கொழுப்பு தீர்ந்து செத்துப் போகக்கூடும்.

மூக்கில் வெள்ளை

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று சாட்சி. 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குகையில் எடுத்த புகைப்படத்தில், உறங்கும் வவ்வால்களின் மூக்கில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அது ஒரு பூஞ்சணம். அதனால் வரும் நோய்க்கு 'வெள்ளை மூக்கு நோய்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பூஞ்சணம் உறங்கும் வவ்வாலின் தோலைத் தின்கிறது. அரிப்பும் தாகமுமாக வவ்வால் அடிக்கடி விழிக்கிறது. விழித்து விழித்தே கொழுப்பு தீர்ந்துவிடுகிறது. பட்டினியில் சாகிறது. 2012 ஜனவரியில் அமெரிக்க வனவிலங்குத் துறை சொன்ன மதிப்பீடு, 57 லட்சம் முதல் 67 லட்சம் வவ்வால்கள் செத்துவிட்டன என்பது. ஐரோப்பாவிலும் இதே பூஞ்சணம் இருக்கிறது. அங்குள்ள வவ்வால்கள் வெகு காலமாகப் பழகியதால் தாங்கிக் கொள்கின்றன.

இந்தப் பூஞ்சணத்துக்குக் குளிர் வேண்டும். இருபது டிகிரிக்கு மேல் அது வளராது. நமது ஊர்க் குகைகள் அதைவிடச் சூடானவை என்பதால் அந்த வகையில் நமக்குப் பயமில்லை.

அந்தச் சூடுதான் என் கேள்விக்கும் பாதி பதில் என்று பிறகு தெரிந்தது.

ஆறு சனிக்கிழமை

இது நான் பார்த்தது.

சென்ற மார்கழியிலும் தையிலுமாக ஆறு சனிக்கிழமை மாமாவோடு அந்தக் குகைக்குப் போனேன். அது காட்டு இலாகா எல்லைக்கு வெளியே, மேய்ச்சல் பாறையில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், காரணம் கடைசியில் சொல்கிறேன். இரண்டு அறை மாதிரி இருக்கும். முன் அறையில் பெரிய காது வவ்வால்கள் பத்துப் பன்னிரண்டு. பின் அறையில் சிறியவை நூற்றுக்கு மேல்.

எங்களிடம் இருந்த கருவிகள்: ஒரு தெர்மாமீட்டர், பழைய செய்தித்தாள், ஒரு நோட்டு, சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிய டார்ச். சிவப்பு வெளிச்சம் வவ்வாலை அதிகம் தொந்தரவு செய்யாது. இன்னொரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம். வவ்வால்கள் உள்ளே இருக்கும்போது நாங்கள் உள்ளே போவதில்லை. சாயங்காலம் அவை வெளியே போன பிறகு போய்ப் பேப்பரை விரித்துவிட்டு வந்துவிடுவது. அடுத்த வாரம் அதே நேரத்தில் எடுப்பது. வாயை மூக்கோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டுதான் போவோம்.

முதல் சனிக்கிழமை, பொழுது விழுந்து கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்தது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியாத வேகம். மாமா அஞ்சு அஞ்சாகச் சொல்ல, நான் நோட்டில் கோடு போட்டேன். "ஆடு எண்ணுற மாதிரி இல்ல மாப்ளே, இது திருட்டு ஆடு!" என்று சிரித்தார். அன்றைக்கு எங்கள் கணக்கு நூற்றிருபத்து மூன்று. நடுவில் ஒரு சனிக்கிழமை தூறல் விழுந்து கொண்டிருந்தது. அன்றைக்கு அறுபதுகூட வரவில்லை. அடுத்த வாரமே மறுபடி நூற்றைத் தாண்டியது. எங்கள் கணக்கில் ஐந்து பத்து தப்பு இருக்கலாம். ஆனால் எல்லாம் உள்ளே உறங்கிவிட்டன என்று சொல்ல ஒரு வாரம்கூட இடம் இல்லை.

சூடு எப்படி? ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, அவை திரும்பி வருவதற்கு முன்பே போய்ப் பார்த்தோம். வெளியே பத்தொன்பது டிகிரி. மாமா கம்பளியைத் தலையோடு போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தார். குகைக்குள் இருபத்தாறு! கண்ணாடி போட்டிருந்தால் பனித்துப் போயிருக்கும். பாறை பகலிலும் ராத்திரியிலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கிறது. மனுஷனே வீட்டைவிட்டுக் குகைக்குக் குடி போகலாம் போல இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி அந்தப் பேப்பர்தான். பின் அறையில் விரித்த பேப்பரில் ஒவ்வொரு வாரமும் புதுப் புழுக்கை. கையுறை போட்டு ஒன்றை நசுக்கி லென்ஸில் பார்த்தேன். பூச்சி ஓட்டுத் தூள் மினுமினு என்று இருந்தது. முன் அறைப் பேப்பரில் இன்னும் வேடிக்கை. தவளைக் கால், வெட்டுக்கிளி இறக்கை, வண்டு ஓடு, ஒரு பல்லி வால்! உறங்குகிறவன் வீட்டு வாசலில் தினமும் எச்சில் இலை விழுமா? மார்கழி முழுக்க அங்கே பந்தி நடந்திருக்கிறது.

ஏன் தூங்கவில்லை?

படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து வைத்தபோது விடை தெரிந்தது. குளிர் மட்டும் வவ்வாலை உறங்க வைப்பதில்லை. பட்டினிதான் உறங்க வைக்கிறது. குளிர்நாட்டில் குளிர்காலம் என்றால் பூச்சி இல்லாத காலம். நமக்கு? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அதை ஒட்டி வருவது மார்கழி. குளம் நிறைந்து, வயல் பச்சையாகி, தவளை கத்தி, ட்யூப் லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும் காலம். படிப்பு மேஜையில் வந்து விழும் பூச்சிகளை நினைத்துப் பாருங்கள்! பெயர் குளிர்காலம்தான். வவ்வாலுக்கு அது அறுவடைக் காலம். குகையோ இருபத்தாறு டிகிரி. அது ஏன் உறங்க வேண்டும்?

இந்தியாவிலேயே குளிர்கால உறக்கம் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. இமயமலைப் பக்கம் பனி விழும் இடங்களில் உறங்கும் வவ்வால்கள் உண்டு. ராஜஸ்தான் போன்ற வறண்ட இடங்களில் எலிவால் வவ்வால் என்று ஒரு இனம் இருக்கிறது. அது மழைக்காலத்தில் தின்று அடிவயிற்றிலும் வாலடியிலும் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குளிர் மாதங்களைச் சோம்பலாகக் கழிக்கும். சூடான நாடுகளில்கூடச் சில சிறு வவ்வால்கள், சாப்பாடு கம்மியான குளிர்ந்த பகலில் சில மணி நேரம் மட்டும் உடம்புச் சூட்டை இறக்கிக்கொள்ளும். அது மோட்டாரை ஆஃப் செய்வது இல்லை, வேகத்தைக் குறைப்பது மாதிரி.

நமக்குப் பக்கத்திலேயே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், இந்தக் குகை வவ்வால்களை வைத்து உலகம் மதிக்கிற ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவரது மாணவர் ஜி.மாரிமுத்துவும் செய்த ஒரு சோதனை. வெளிச்சமே புகாத குகைக்குள் வவ்வாலுக்குச் சாயங்காலம் ஆனது எப்படித் தெரிகிறது? மற்ற வவ்வால்கள் இஷ்டம் போலப் போய் வருகிற குகையில் ஒரு வவ்வாலை மட்டும் கூண்டில் வைத்தார்கள். வெளியே போகாவிட்டாலும் அது மற்றவற்றோடு சேர்ந்து, சரியாக இருபத்து நாலு மணி நேரக் கணக்கில் விழித்தது, ஓய்ந்தது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் உடம்புக் கடிகாரம் தன் போக்கில் ஓடி, ஊர் நேரத்தில் இருந்து விலகிவிட்டது. 1981-ல் வெளிவந்த ஆய்வு இது. அதாவது, ஒரு வவ்வால் கூட்டத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரன் குளிக்கப் போகிற சத்தம் கேட்டு எழுந்திருக்கிற நமக்கு இது புரியும்!

அந்தச் சோதனையில் இருந்தது 'ஹிப்போசிடரோஸ் ஸ்பியோரிஸ்' என்ற சிறிய இலைமூக்கு வவ்வால். 1800-ல் முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் வைத்தபோது, அதற்கு ஆதாரமாக இருந்த வவ்வால் நம் தரங்கம்பாடியில் கிடைத்தது.

அப்படியென்றால் மார்கழியில் அது என்ன செய்கிறது?

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

முன் அறையில் இருந்த பெரிய காது வவ்வாலுக்கு 'மெகாடெர்மா லைரா' என்று பெயர். இப்போது 'லைரோடெர்மா லைரா' என்று மாற்றியிருக்கிறார்கள். தவளை, எலி, பல்லி, பெரிய பூச்சி எல்லாம் பிடிக்கும். தரையில் தவளை தத்துகிற சிறு சத்தத்தைக் காதால் கேட்டே பாய்ந்து பிடிக்கும் என்பதையும் மாரிமுத்துவும் ஜெர்மனியைச் சேர்ந்த நோய்வைலரும் சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த இனம் நவம்பரை ஒட்டி இணை சேரும். ஐந்து மாதம் வயிற்றில் சுமக்கும். ஏப்ரல் வாக்கில் குட்டி போடும். ஒரு வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி.

நவம்பரில் இருந்து ஏப்ரல். கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழியும் தையும் நடுவில் வருகின்றன. நாங்கள் ஓலையைக் கொளுத்திய அந்தத் தை மாதத்தில், அவை மயங்கியும் கிடக்கவில்லை, உறங்கியும் கிடக்கவில்லை. வயிற்றில் குட்டியோடு இருந்தன.

குளிர்நாட்டு வவ்வாலுக்குக் குளிர்காலம் பட்டினியைத் தாண்டுகிற காலம். நம் வவ்வாலுக்கு அது பிள்ளை சுமக்கிற காலம். இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான்: குகையைக் கலைக்காதே! எலி மாதிரி வருஷத்துக்கு நாற்பது ஐம்பது குட்டி போட்டால் பத்துப் போனாலும் ஈடாகிவிடும். வருஷத்துக்கு ஒன்று போடுகிறதற்கு, ஒரு நாள் புகை போட்டால் அந்த வருஷமே போச்சு. உருவத்தில் சிறியதானாலும் வவ்வாலின் ஆயுள் நீளம். சைபீரியாவில் வளையம் மாட்டிவிட்ட ஒரு சிறு வவ்வால் நாற்பத்தொரு வருஷம் கழித்து உயிரோடு கிடைத்திருக்கிறது. மெதுவாகப் பெருகி, நீண்ட நாள் வாழ்கிற பிராணி அது. கடையில் முதல் போட்டவனுக்குப் புரியும், வட்டி கம்மியாக வருகிற முதலை உடைத்துத் தின்றால் திரும்பச் சேர்க்க முடியாது.

ஒரே ஒரு குகை

நமக்கு அண்டை மாநிலத்தில் கோலார் பக்கம் ஹனுமனஹள்ளி என்று ஒரு கிராமம். அங்கே ஒரே ஒரு குகையில் இருக்கிறது 'கோலார் இலைமூக்கு வவ்வால்'. 1994-ல்தான் அதைத் தனி இனம் என்று விஞ்ஞானிகள் எழுதினார்கள். முன்பு பக்கத்தில் இன்னொரு குகையிலும் இருந்தது, அங்கே இப்போது இல்லை. உலகத்திலேயே மிச்சம் இருப்பது அந்த ஒரு குகையில், இருநூறுக்கும் குறைவு. அந்தப் பக்கமெல்லாம் கிரானைட் உடைக்கிற இடம். கடைசியில் கர்நாடக அரசு குகையைச் சுற்றி 30 ஏக்கரைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. பாறையை உடைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் நமது ஜில்லாவிலும் பக்கத்து ஜில்லாவிலும் எத்தனையோ. என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பிழைப்பை நிறுத்து என்று சொல்ல நான் யார்? ஆனால் எந்தப் பாறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உடைக்கலாம் அல்லவா?

தெரியாமலே இழக்க முடியும் என்பதற்கு மேகமலை ஒரு உதாரணம். 1948-ல் அங்கஸ் ஹட்டன் என்பவர் மேகமலையில் ஒரு பழந்தின்னி வவ்வாலைப் பிடித்துப் பதப்படுத்தினார். சாதாரண வவ்வால் என்று பெயர் எழுதி பம்பாயில் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதைப் பார்த்து, இது உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் என்று கண்டுபிடித்து, பறவை அறிஞர் சலீம் அலி பெயரை வைத்தார். இருபத்து நாலு வருஷம் பெட்டிக்குள் இருந்த நம்ம பக்கத்து மலைக்காரன்!

சட்டமும் மெல்ல மாறுகிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வவ்வால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணிகள் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022-ல் வந்த திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். அதே 2022-ல் நமது திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் பக்கம் தேவாங்குக்கு என்றே சரணாலயம் வந்தது. ராத்திரிப் பிராணி என்றால் கெட்ட சகுனம் என்ற காலம் போகிறது.

"நோய் வருமே?"

இதைக் கேட்காத நண்பர்கள் இல்லை. நியாயமான கேள்வி. பழந்தின்னி வவ்வாலிடம் நிபா வைரஸ் இருக்கக்கூடும். 2018-ல் கோழிக்கோட்டில் அது வந்தபோது எல்லாரும் பயந்தோம். குகைப் புழுக்கைத் தூசியில் இருக்கும் சில பூஞ்சணங்கள் நுரையீரலைத் தாக்கும். அதனால்தான் சொல்கிறேன், வவ்வாலைத் தொடாதீர்கள், பிடிக்காதீர்கள், வவ்வால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் இத்தனை பயமும் சொல்வது ஒன்றைத்தானே? அதை அதன் இடத்தில் விட்டு, நாம் நம் இடத்தில் இருப்பது! பிடித்து அறுத்துக் குழம்பு வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. இளைப்புக்கு வவ்வால் கறி மருந்து இல்லை. இழுத்துக்கொண்டிருக்கிற நோயாளிக்கு அதைக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் உயிருக்கு ஆபத்து. எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்தது இது.

கடைசியாக...

ஆறாவது சனிக்கிழமை. நாங்கள் போவதற்கு முன்பே நாலைந்து பையன்கள் பாறை மேல் நின்றிருந்தார்கள். பொங்கலுக்கு வாங்கியதில் மிஞ்சிய வெடியை உள்ளே போட்டுப் பார்க்கலாம் என்று யோசனை. நான் குளிர்கால உறக்கம், உடம்புச் சூடு, நவம்பர், ஏப்ரல் என்று ஆரம்பித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. மாமா குறுக்கே வந்தார். "தம்பிகளா, உள்ள பூராம் புள்ளத்தாச்சிக. வெடிய வேற எங்கயாச்சும் போட்டுக்கங்கப்பா." அவ்வளவுதான் சொன்னார். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மூன்று வருஷம் படித்தவனால் முடியாததை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் அந்த வார்த்தையை மாமாவுக்குக் கொடுத்தது என் நோட்டில் இருந்த கணக்கு. கணக்கை எனக்குக் கொடுத்தது அன்றைக்கு மாமா அறுத்த வவ்வால். படித்தவனும் படிக்காதவனும் சேர்ந்தால்தான் ஊரில் ஒரு காரியம் நடக்கும் போல.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பாறை இடுக்கோ, இடிந்த மண்டபமோ, கோயில் மேல் தளமோ இருக்கும். ஒரு சாயங்காலம் வெளியே உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். காசு செலவில்லை. ஒரு நோட்டும் பொறுமையும் போதும். மார்கழியில் இருந்து குட்டி பறக்கும் வரைக்கும் உள்ளே மட்டும் போகாதீர்கள். எண்ணிய கணக்கை எல்லாருக்கும் சொல்லுங்கள். இடத்தை மட்டும் சொல்லாதீர்கள். அதனால்தான் நானும் எழுதவில்லை.

என்னைக் கேட்டால், மார்கழிக் குகையில் வவ்வால் தூங்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது நாம்தான்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை